கப்பித்தான் கெலிங் சாலையில் ஒரு பெரட்டு

மலேசியாவில் பெருநாள் காலங்களில் நகரத்துப் பிள்ளைகள் சொந்த ஊருக்குப் போய்ப் பெற்றோரைக் கண்டு வருவதை எல்லா இனத்தாரும் 'பாலிக் கம்போங்' என்னும் மலாய்ச் சொல்லால் குறிப்பிடுகின்றனர். நெடுஞ்சாலை நெரிசல், போக்குவரத்துக் காவலரின் அறிவிப்பு, நாளிதழில் கவனமாக ஓட்டச் சொல்லும் விளம்பரம் என்று அதற்கென ஒரு தனி நிர்வாகமே இயங்குகிறது. இதற்கு நேர்மாறான பயணமும் ஒன்று உண்டு. பேராக், கெடா, ஜோகூர் போன்ற மாநிலங்களிலிருந்து தாத்தாவும் பாட்டியும் தாமே பெட்டியைக் கட்டிக்கொண்டு பினாங்கிலுள்ள பிள்ளை வீட்டில் வந்திறங்கும் அந்தப் பயணத்துக்குப் பெயருமில்லை, முன்னெச்சரிக்கை விளம்பரமுமில்லை. பேரப்பிள்ளைகளோடு நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்பதே அறிவிக்கப்படும் நோக்கம். அந்த நாலு நாள் என்றைக்கு முடியும் என்று கேட்கும் துணிவு எந்த மருமகளுக்கும் இதுவரை வந்ததில்லை.

இவ்வருகைக்கு நிலையான நடைமுறை ஏதும் உருவாகாமைக்கு வரலாற்றுக் காரணம் ஒன்று உண்டு. இன்று எழுபது வயதைக் கடந்திருக்கும் தோட்டத்துத் தமிழரில் பலர், கங்காணி என்னும் ஆள்சேர்ப்பவன் வழியாகவோ சொந்தச் செலவிலோ கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள். அவர்களுடைய தாத்தா பாட்டியோ கடலுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டனர். தோட்ட வேலைக்கு உதவி கொடுத்து ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடை செய்தது; பிறகு போர் வந்து கடல்வழியே அடைபட்டது. 1926இல் கட்டப்பட்டு 1973 வரை ஓடிய ரஜூலா கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிப் பினாங்கில் இறக்கியது உண்மையே எனினும், பேரனுக்குப் பல் முளைத்ததைப் பார்ப்பதற்காகக் கப்பல் தட்டில் பாய் விரித்து, நாட்கணக்கில் தலைசுற்றலோடு வந்து சேரும் கிழவிகள் அரிதாகவே இருந்திருப்பர். ஆகவே அந்தத் தலைமுறைக்குத் தாத்தா என்பவர் சுவரில் மாட்டிய புகைப்படமாகவும், பாட்டி என்பவர் பிறர் கையால் எழுதி வரும் விமானக் கடிதமாகவும் மட்டுமே அறிமுகமாயினர்.

விருந்தாக வந்து தங்கும் முதியவர் எப்படி நடந்துகொள்வார் என்பதை அவர்கள் எங்கும் பார்த்ததில்லை. அன்றாடம் பார்த்த பெரிய மனிதர்கள் மூவர்தாம்: தோட்டத்தை ஆண்ட துரை, கணக்கெழுதிய கிராணி, வேலை வாங்கிய மண்டோர். பினாங்குக்கு வரும் தாத்தா மண்டோரின் மரபையும் பாட்டி கிராணியின் மரபையும் பின்பற்றுகின்றனர் என்பதே இக்கட்டுரையின் துணிபு. துரையின் நாற்காலி பேரப்பிள்ளைக்கு ஒதுக்கப்பட்டுள்ளது.

இதற்கு முதற்சான்று விடியலுக்கு முன்பே கிடைத்துவிடுகிறது. பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், வெயிலேறாத குளிர்ந்த பொழுதில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் தோட்டத்து வேலை இருட்டிலேயே தொடங்கியது. அதற்கு முன் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் சடங்குக்குப் பெரட்டு என்று பெயர். தோட்டம் செம்பனைக்கு மாறி, பின்னர் வீடமைப்புத் திட்டமாக மாறி, லயம் என்னும் வரிசை வீடுகள் இடிபட்ட பிறகும் அந்தப் பெரட்டு தாத்தாவின் உடம்பில் அப்படியே இருக்கிறது. பதினெட்டாவது மாடியிலுள்ள அடுக்குமாடி வீட்டில் காலை ஐந்து மணிக்கு விளக்கைப் போட்டு, "இன்னும் யாரும் எழும்பலையா?" என்று பொதுவாக ஒரு கேள்வியை அவர் காற்றில் விடுவார். விடுமுறை நாளில் மகன் ஏழு மணிக்கு எழுவது அவருடைய கணக்கில் அரைநாள் வராமை. பேரன் பத்து மணிக்கு எழுவதோ பிள்ளைக்கு உடம்பு வளர்கிறது என்பதற்கு அறிகுறி. பாட்டி இதற்குள் அடுக்களைக்குப் போய்ச் சரக்கிருப்பைச் சரிபார்த்து, மிளகாய்த்தூள் கடையில் வாங்கிய பொட்டலம் என்பதைக் கண்டறிந்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பெட்டியிலிருந்து தம் தூளை எடுத்து டப்பாவை நிரப்பியிருப்பார்.

வந்தவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது மகனின் கடமையாகக் கருதப்படுவதால், இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ குடும்பம் முழுவதும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் இறங்கும். பிரிட்டிஷ் பிரதமர் பிட்டின் பெயரால் பிட் தெரு என்று முன்பு வழங்கிய இச்சாலை, நடந்தால் ஒரு கிலோமீட்டர்கூட வராது; ஆயினும் 1818இல் எழுந்த புனித ஜார்ஜ் தேவாலயம், சீனரின் குவான் யின் கோயில், 1833இல் கட்டப்பட்டு முகத்தைக் குவீன் தெருவுக்கும் முதுகை இச்சாலைக்கும் காட்டி நிற்கும் மகா மாரியம்மன் கோயில், தமிழ் முஸ்லிம்களின் தலைவராக அமர்த்தப்பட்ட காதர் முகைதீன் 1801இல் நிறுவிய பள்ளிவாசல் ஆகியவை இதன் ஓரத்திலேயே வரிசையாக அமைந்துள்ளன. இச்சாலை அமைந்த ஜார்ஜ் டவுன் 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்ததையும் இந்த ஆண்டுகளையும் மகன் முந்தைய இரவே படித்து வைத்திருப்பார். ஆனால் வண்டி நிறுத்த இடம் தேடி அதே சதுரத்தை மூன்றாம் முறை சுற்றிவரும்போது அந்த ஆண்டுகள் அவர் நினைவிலிருந்து ஒவ்வொன்றாக உதிரும். முன்னிருக்கையிலிருந்து தாத்தா, "இதுக்கு நடந்தே வந்திருக்கலாம்லா" என்று கூறும் நிலையில் மரபுரிமை விளக்கவுரை முற்றிலும் கைவிடப்படும்.

இனி, இச்சாலையில் பாட்டியின் கவனத்தை முதலில் ஈர்ப்பது வழிபாட்டிடங்கள் அல்ல, நகைக்கடைகளே. தோட்டத்தில் வெட்டிய பாலை வாளியில் சுமந்து வந்து ஸ்டோரில் கொட்டும்போது, அதை நிறுத்து, அதில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்பதை மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை விட்டு அளந்து, கிராணி பேரேட்டில் எழுதிக்கொள்வார். அவர் எழுதிய எண்ணுக்குத்தான் கூலி. அந்த முள்ளையும் அந்தப் பென்சிலையும் பல்லாண்டு உற்று நோக்கிய கண்கள் தராசு என்று எதைக் கண்டாலும் தளர்வதில்லை. கடைக்காரர் 916 என்கிறார். ஆயிரத்தில் 916 பங்கு பொன், அதாவது 22 காரட், என்பது அதன் பொருள். பாட்டி தம் பழைய வளையலைக் கழற்றித் தராசில் வைக்கச் சொல்வார், எடையைப் பார்ப்பார், திரும்ப எடுத்து மாட்டிக்கொள்வார், பக்கத்துக் கடைக்குப் போவார், அங்கும் வைக்கச் சொல்வார். விற்கவும் மாட்டார், வாங்கவும் மாட்டார். இரண்டு தராசும் ஒன்றுபோலவே காட்டுகின்றனவா என்பதை உறுதிசெய்துகொள்வதே அவருடைய வேலை. அதைச் செய்ய அவரை எவரும் அமர்த்தவில்லை என்பது வேறு.

பகலுணவு பள்ளிவாசலைச் சுற்றியுள்ள நாசி கண்டார் கடைகளுள் ஒன்றில் அமைகிறது. துறைமுகத் தொழிலாளருக்காகச் சோற்றையும் குழம்பையும் தோள்தடியின் இருபுறமும் தொங்கவிட்டுத் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தெருத்தெருவாக விற்ற உணவே பின்னர் கடையாக நிலைகொண்டது. இங்கு நடைமுறைச் சிக்கல்கள் இரண்டு எழுகின்றன. முதலாவது, பல குழம்புகளைச் சோற்றின்மேல் வெள்ளமாக ஊற்றும் 'பஞ்சிர்' என்னும் முறை: மாட்டிறைச்சிக் குழம்பில் போன கரண்டி மீன் குழம்பில் போயிற்றா என்பதை அறியாமல் பாட்டி தட்டை நீட்டுவதில்லை. விசாரணை கரண்டியில் தொடங்கும். பரிமாறும் இளைஞர் இராமநாதபுரத்துக்காரர் என்று தெரிந்ததும், எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், சம்பளம் ஒழுங்காக வருகிறதா, ஊருக்குப் போக முதலாளி விடுப்புக் கொடுக்கிறாரா என்று நீளும். பின்னால் நிற்கும் வரிசை பெருமூச்சு விடும். இந்த உரையாடலின் இறுதியில் அந்தத் தட்டில் ஒரு மீன் துண்டு கூடுதலாக விழுவதைப் பலமுறை காணலாம்.

இரண்டாவது சிக்கல் தாத்தாவுடையது. நாசி கண்டார் கடையில் விலைப்பட்டியலை நம்பிச் சாப்பிடுவோர் குறைவு; கணக்கர் தட்டை ஒரு பார்வை பார்த்து ஒரு தொகையைச் சொல்வார். நிறுவை இல்லை, மெட்ரோலாக் இல்லை, பேரேடு இல்லை. கண்ணால் விலை போடும் இம்முறை தாத்தாவை நிலைகுலையச் செய்கிறது. சாப்பிட்டு முடித்த பிறகு ஒவ்வொருவர் தட்டிலும் என்னென்ன இருந்தன என்பதை நினைவிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி, கூட்டி, கடைக்காரர் கேட்டது ஏறக்குறைய நியாயமே என்று அவர் முடிவுக்கு வருவதற்குள் மகன் பணத்தைக் கட்டிவிட்டிருப்பார். அதற்காகவும் ஒரு கண்டிப்பு உண்டு.

மாரியம்மன் கோயிலில் இருவரும் ஒழுங்காகவே நடந்துகொள்கின்றனர் என்பதால் அதுபற்றிச் சொல்ல அதிகமில்லை. குவான் யின் கோயிலில் பாட்டி தாமும் ஊதுபத்தி ஏற்றி நின்று கும்பிடுவார். அம்மன் என்றால் அம்மன்தான், இதில் விளக்கம் கேட்பவருக்குத்தான் ஏதோ குறை. ஆர்மீனியன் தெருவில், லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் 2012இல் வரைந்த, உண்மையான மிதிவண்டியைச் சுவரில் பதித்து இரு குழந்தைகளைச் சவாரி போகவைத்த ஓவியத்தின் முன் மக்கள் வரிசை பிடித்துப் படமெடுப்பதைத் தாத்தா நெடுநேரம் பார்ப்பார். இப்படி நல்ல மிதிவண்டியை மழையில் விட்டால் சங்கிலி துருப்பிடிக்கும் என்பது அவருடைய கலை விமர்சனம்.

ஜார்ஜ் டவுனில் அவருடைய முழு ஒப்புதலைப் பெற்றது ஒன்றே. ஜெட்டி எனப்படும் படகுத்துறைக்கும் கொம்தார் கோபுரத்துக்கும் இடையே நகருக்குள் சுற்றிவரும் கட்டணமில்லாப் பேருந்து அது. மகனின் காரை நம்பியிருக்க வேண்டிய நிலை நீங்கியதும் தாத்தா நாள்தோறும் தனியாகக் கிளம்பி, ஏறிய இடத்திலேயே வந்திறங்கி, பேருந்து எத்தனை நிமிடம் தாமதம் என்பதை வீட்டில் அறிக்கையாகச் சமர்ப்பிப்பார். பேரன் உடன் போனால் திரும்பி வரும்போது அவன் நாக்கு செண்டோலின் பச்சை நிறத்திலோ ஐஸ் கச்சாங்கின் சிவப்பிலோ இருக்கும். சளி பிடித்திருப்பதால் குளிர்ந்தது எதுவும் தரக்கூடாது என்னும் மருமகளின் ஆணை துரையைக் கட்டுப்படுத்தாது என்பது தோட்டத்துச் சட்டம். மகனுக்கு மிட்டாய்க்குப் பத்துக் காசு தர மறுத்த அதே மனிதர்தாம் இவர். இந்த முரண்பாட்டை மகன் சுட்டிக்காட்டினால், அந்தக் காலத்தில் பத்துக் காசு பெரிய காசு என்பதே விடை. இது பொருளியல் நோக்கில் சரியே.

பெற்றோர் வந்திருக்கும் நாட்களில் வீட்டில் அமைதி கெடுகிறது, உறக்கம் குறைகிறது, மிளகாய்த்தூள் தீர்வதில்லை. இவை யாவும் உண்மை. ஆனால் வந்து தங்கும் தாத்தா பாட்டியைப் பெறாத ஒரு தலைமுறை, பார்த்துப் பழக ஒருவருமின்றித் தானே அந்தப் பதவியை உண்டாக்கிக்கொண்டு நடத்துகிறது என்பதையும் கணக்கில் எழுத வேண்டும். முதல் முயற்சிக்கு இது மோசமில்லை.

திரும்பிப் போவோர் பெரும்பாலும் ஜெட்டியில் படகேறிப் பட்டர்வொர்த்துக்குப் போய், அங்கிருந்து ஈடிஎஸ் எனப்படும் மின்தொடர்வண்டியைப் பிடிக்கின்றனர். 2023 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய புதிய படகுகள் நடந்து வருவோரையும் இருசக்கர வண்டிகளையும் மட்டுமே ஏற்றுவதால் கார் படகுத்துறையோடு நின்றுவிடும். பெட்டிகளை மகன்தான் தூக்க வேண்டும். பள்ளி விடுமுறையில் வண்டியில் இடம் விரைவில் தீர்ந்துவிடுகிறது. ஆகையால் பினாங்குவாழ் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: வரும் சீட்டையும் திரும்பும் சீட்டையும் சேர்த்தே முன்பதிவு செய்துகொள்ளுங்கள், ஆனால் திரும்பும் சீட்டை மட்டும் அவர்களே கேட்கும்வரை எடுத்து மேசைமேல் வைக்காதீர்கள்.