இருபது நிமிஷக்காரர்

அமெரிக்காவின் நடுமேற்கில், பெரிதென்றும் சொல்ல முடியாத சிறிதென்றும் சொல்ல முடியாத ஓர் ஊரில் புது வேலை கிடைத்துப் போகிறவருக்குச் சம்பளம், மருத்துவக் காப்பீடு, லீவு நாள் எல்லாம் ஆஃபர் லெட்டரில் எழுதியிருக்கும். எழுதாமல் விட்ட சலுகை ஒன்று உண்டு. போய் இறங்கிய முதல் வாரத்திலேயே உள்ளூர்க்காரர் ஒருவர் அவரைத் தத்து எடுத்துக்கொள்வார். ஆபீசில் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருப்பார், இல்லையென்றால் பக்கத்து வீட்டில் குடியிருப்பார். யோகம் பலமாக இருந்தால் இரண்டும் ஒரே ஆளாகவே அமைந்துவிடும்.

அயோவா மாநிலத் தலைநகரான டி மொய்னில் இந்த ரகம் நன்றாக விளைகிறது. 2020 கணக்கெடுப்பின்படி நகர எல்லைக்குள் 2,14,133 பேர். சுற்றியிருக்கும் ஊர்களையும் கூட்டினால் ஏழு லட்சத்தைத் தொடும். 1879இல் ஆரம்பித்த பிரின்சிபல் தொடங்கி வரிசையாக இன்சூரன்ஸ் கம்பெனிகள். நியூ ஜெர்சியில் ஒருவர் காலமானாலும், கலிஃபோர்னியாவில் இன்னொருவர் காரைச் சுவரில் மோதினாலும் இங்கே ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் கணக்குப் போடும். அந்தக் கம்ப்யூட்டருக்குக் காவலாக நம்மவர்கள் கொஞ்சம் பேர் வந்து சேர்ந்திருக்கிறோம்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். ஐம்பதைத் தாண்டியிருப்பார். காக்கி பேண்ட், நெஞ்சுவரை ஜிப் வைத்த மேல்சட்டை. சட்டையில் அயோவா பல்கலைக்கழகம், அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகம், இரண்டில் ஒன்றின் முத்திரை கட்டாயம் இருக்கும். "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்பார். "அண்ணா யுனிவர்சிட்டி" என்றால் சற்று யோசித்துவிட்டு, "அவங்க ஃபுட்பால் டீம் எப்படி?" என்பார். கேலி இல்லை. நிஜமாகவே கவலைப்படுகிறார்.

அவருடைய மூலமந்திரம் ஒன்றுதான்: "இங்கேருந்து எங்கே போனாலும் இருபது நிமிஷம்." ஏர்போர்ட் இருபது நிமிஷம். தங்கக் கூரை போட்ட சட்டசபைக் கட்டடம் இருபது நிமிஷம். தெருக்கோடியில் கண்ணுக்குத் தெரிகிற ஹை-வீ மளிகைக் கடையும், அடுத்த கவுண்டியில் இருக்கும் ஏரியும் அதே இருபது நிமிஷம். வடக்கே மேட்ரிட் என்ற சின்ன ஊரை ஒட்டி வயல்வெளியில் இந்துக் கோயில் இருக்கிறது. எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் அரை மணிக்குக் குறைந்து நான் போய்ச் சேர்ந்ததில்லை. அவர் கணக்கில் அதுவும் இருபதுதான். சாமி காரியமாயிற்றே என்று நான் வாதாடவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு இன்டர்ஸ்டேட் 235இல் வண்டிகள் கொஞ்சம் நெருங்கி ஊர்ந்தால் அவர் முகம் வாடிவிடும். "முன்னே எல்லாம் இப்படி இல்லை" என்பார், வீட்டுக்கு வந்த விருந்தாளி முன்னால் குழாய் ஒழுகிவிட்டதுபோல. கிண்டியில் சிக்னலுக்கு நின்றே ஒரு நாவலைப் படித்து முடித்த நாம் என்ன ஆறுதல் சொல்வது?

முதல் நாள் அவர் கேட்கும் கேள்விக்குத் தயாராகப் போக வேண்டும். "இந்த ஊருக்கு ஏன் வந்தீங்க?" சாதாரண விசாரிப்பு என்று நினைத்து "வேலை" என்று சொல்லிவிடக் கூடாது. வேலைக்காக மட்டும் வந்தவர் வேலை போனால் போய்விடுவார் அல்லவா? "ஊர் நல்லா இருக்கும்னு கேள்விப்பட்டேன்" என்றாலும் தப்பு. யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள், கிண்டலாகச் சொன்னார்களா என்று குறுக்கு விசாரணை நடக்கும். வீட்டு விலை என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. உடனே உங்கள் பழைய ஊரில் என்ன வாடகை கொடுத்தீர்கள் என்று கேட்பார். தொகையைச் சொன்னதும் கண்ணை மூடிக்கொள்வார். அன்று சாயங்காலம் அந்தத் தொகை அவர் வீட்டில், சர்ச்சில், தம்பி வீட்டில் எல்லாம் பேசப்படும். சொல்லும்போது கொஞ்சம் கூட்டியும் சொல்வார்.

இவரிடம் ஊரைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு பயிற்சி வேண்டும். புகழ்ந்தால் ஒப்புக்கொள்ளமாட்டார், குறை சொன்னால் தாங்கமாட்டார். "எவ்வளவு அமைதியான ஊர்!" என்றால், "ஜனவரி வரட்டும், அப்புறம் சொல்லுங்க" என்பார். "ஜனங்க எவ்வளவு நல்லவங்க!" என்றால், "வேற என்ன வேலை இருக்கு எங்களுக்கு?" என்பார். சரி, ஆளுக்கு ஊர்மேல் பிடிப்பு இல்லை போலிருக்கிறது என்று தைரியம் வந்து, "ஆமாம், மலையும் இல்லை கடலும் இல்லை, பார்க்க ஒண்ணும் இல்லைதான்" என்று ஒத்து ஊதினீர்களோ, தொலைந்தீர்கள். கோபித்துக்கொள்ளமாட்டார். காபிக் கோப்பையைக் கீழே வைப்பார். ஜன்னல் பக்கம் பார்ப்பார். அப்புறம் மெதுவாக, "சைக்கிள் பாதை நல்லா இருக்கும்" என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிற வருத்தத்தை ஒரு வாரத்துக்கு உங்களால் மறக்க முடியாது. ஊரைத் திட்டும் உரிமை அங்கே பிறந்தவர்களுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்தது. வாடகைக்கு இருப்பவர்கள் அதில் கை வைக்கக் கூடாது.

இயற்கைச் சீற்றம் மட்டும் விதிவிலக்கு. மற்றவர்கள் பட்டம், பதவி என்று சொல்லிக்கொள்வதைப்போல இவர் தாம் பார்த்த பேரிடர்களைச் சொல்வார். 1993 வெள்ளத்தில் குடிநீர் நிலையமே முழுகி இரண்டரை லட்சம் பேருக்குக் குழாயில் தண்ணீர் வராமல் போனபோது இவர் குடத்தோடு வரிசையில் நின்றவர். 2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி மாநிலத்தையே குறுக்காக வாரிக்கொண்டு போன டெரேச்சோ சூறைக்காற்றில் தம்முடைய மரம் அடுத்த வீட்டுக் கூரைமேல் விழுந்த போட்டோவைப் போனில் வைத்திருக்கிறார். பேரப்பிள்ளை போட்டோ அதற்கு அடுத்ததுதான். டார்னேடோ சங்கு ஊதினால் நாம் அடித்துப் பிடித்துக்கொண்டு நிலவறைக்கு ஓடுவோம். அவர் வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்து வானத்தைப் பார்ப்பார். பச்சையாக இருக்கிறதா என்று பார்க்கிறாராம்.

பெரிய மனிதர்கள் யாரும் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை என்று அவரே ஆரம்பிப்பார். பிறகு அவரே மறுப்பார். சோவியத் தலைவர் குருசேவ் 1959இல் வந்து டி மொய்னில் ஹாட் டாக் சாப்பிட்டார். போப் இரண்டாம் ஜான் பால் 1979இல் வந்து வயல் நடுவில் பூசை வைத்தார். ரொனால்டு ரேகன் 1930களில் இங்கே ரேடியோவில் விளையாட்டு வர்ணனை செய்து பிழைத்தவர். பாடகர் ஓசி ஆஸ்பர்ன் 1982 ஜனவரியில் மேடையில் வௌவாலின் தலையைக் கடித்ததும் இந்த ஊரில்தான். போப்பையும் வௌவாலையும் ஒரே மூச்சில், ஒரே மரியாதையோடு சொல்லக்கூடியவர் இவர் ஒருவர்தான். ஜனாதிபதி ஆசை உள்ளவர்கள் நாலு வருஷத்துக்கு ஒருமுறை காகஸ் எனப்படும் கட்சிக் கூட்ட ஓட்டுக்காக இங்கே வந்து வீடு வீடாகக் கை கொடுத்த கதைகளும் நிறைய. அவர்களை இவர் எடை போடுவது கொள்கையை வைத்து அல்ல. "சாப்பிட்ட தட்டை அவரே எடுத்துப் போட்டார், நல்ல மனுஷன்." 2020இல் ஜனநாயகக் கட்சி காகஸ் முடிவைச் சொல்ல முடியாமல் திணறியதைக் கேட்டால், "இந்த வருஷம் சோளம் நல்லா வந்திருக்கு" என்பார்.

ஆகஸ்டில் மாநிலப் பொருட்காட்சி. அதற்கு உங்களை அழைத்துப் போவது அவர் பொறுப்பு. போனதும் நேராக வெண்ணெய்ப் பசு. 1911இலிருந்து வைக்கிறார்கள், நிஜப் பசுவின் அளவில், ஏறக்குறைய 270 கிலோ வெண்ணெயில், குளிரூட்டிய கண்ணாடி அறைக்குள். அதே வெண்ணெயை எடுத்து வைத்துத் திரும்பத் திரும்பப் பல வருஷம் பயன்படுத்துவார்கள் என்று அவர் காதில் சொன்னபோது அந்தக் குரலில் இருந்த பெருமை பசுவைப் பற்றியது அல்ல, சிக்கனத்தைப் பற்றியது. வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற தமிழ் அம்மாள் ஒருவர் கண்ணாடியில் மூக்கு படுகிற தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "காய்ச்சினா எவ்ளோ நெய் வரும்!" என்று பெருமூச்சு விட்டார். அம்மாள் என்ன சொன்னார் என்று நம் ஆள் கேட்டார். மொழிபெயர்த்தேன். அன்றிலிருந்து அந்த அம்மாளைப் பற்றி உயர்வாகப் பேசுகிறார்.

சாப்பாட்டு விஷயத்தில் நமக்கும் அவருக்கும் இருக்கும் தூரம் இருபது நிமிஷத்தில் கடக்கக்கூடியது அல்ல. மனிதர் முப்பத்திரண்டு லட்சம், பன்றி இரண்டு கோடிக்கும் மேல் என்று இருக்கிற மாநிலத்தில் சைவம் என்று சொல்வதே ஒரு வகையில் அரசியல். அவர் நல்லவர், ஞாபகம் வைத்துக்கொள்வார். ஆபீஸ் விருந்தில், "உங்களுக்காகவே செஞ்சது, பேக்கன் ரொம்பக் கொஞ்சம்தான் போட்டேன்" என்பார். இறைச்சி இல்லாமல் அங்கே கிடைக்கும் ஒரே சாலட் ஸ்னிக்கர்ஸ் சாலட். ஸ்னிக்கர்ஸ் மிட்டாயை நறுக்கி, பச்சை ஆப்பிளைச் சேர்த்து, மேலே க்ரீமைக் கொட்டிக் கிளறுவார்கள். ஆப்பிள் இருப்பதால் அது காய்கறி வகை.

வழி கேட்டால் இடது, வலது என்ற பேச்சே கிடையாது. "வடக்கே ரெண்டு மைல் போய் மேற்கே திரும்புங்க" என்பார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்கு இது பழக்கம்தான், சென்னைக்காரர்கள் சூரியனைத் தேடி அலைவார்கள். சிக்கல் அடையாளத்தில் வரும். "யங்கர்ஸ் இருந்த இடத்தில் திரும்புங்க." அந்த டிபார்ட்மென்ட் ஸ்டோரை 2005இல் மூடிவிட்டார்கள், கட்டடத்தில் பாதி 2014இல் எரிந்தும் போயிற்று. அவர் மனத்தில் அது இன்னும் காலை பத்து மணிக்குத் திறக்கிறது.

நாலு பக்கமும் ஸ்டாப் பலகை இருக்கும் சந்திப்பில் இவர் ரகம் நாலு பேர் ஒரே சமயத்தில் வந்து நின்றால் பார்க்க வேண்டும். கிழக்கே நிற்பவர் மேற்கே நிற்பவரைப் பார்த்து "நீங்க போங்க" என்று கையசைப்பார். அவர் வடக்கைக் காட்டுவார். வடக்கு தெற்கைக் கும்பிடாத குறையாகக் கெஞ்சும். பின்னால் ஒருவரும் ஹாரன் அடிக்கமாட்டார். கடைசியில் நாலு பேரும் ஒன்றாக நகர்ந்து, ஒன்றாகப் பிரேக் போட்டு, ஒன்றாக மன்னிப்புக் கேட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள்.

வீட்டுக்கு வந்தால் புறப்படுவது தனிப் படலம். ஜூலை, ஆகஸ்டில் தோட்டத்தில் காய்த்துத் தள்ளும் சுக்கினிக் காயைப் பை நிறையக் கொண்டு வருவார். வாங்கிக்கொள்ளும் ஆள் கிடைக்காமல், பூட்டாத கார்களில் போட்டுவிட்டுப் போகும் பழக்கம் உண்டாதலால், ஊரில் கார்க் கதவைப் பூட்டுவதே அந்த இரண்டு மாதம்தான் என்று ஒரு வேடிக்கைப் பேச்சு. உட்காருவார், பேசுவார். பிறகு இரண்டு முழங்காலிலும் உள்ளங்கையால் ஓங்கித் தட்டி, "சரி, அப்ப..." என்பார். நாமும் எழுந்துகொள்வோம். அது முதல் மணி மட்டுமே. கதவுப் பிடியில் கை வைத்தபடி மழைத் தண்ணீர்க் குழாய் அடைப்பைப் பற்றி ஒரு கால் மணி. படியிறங்கியதும் புல்வெளியில் நடுநடுவே மஞ்சளாகிக் கிடப்பதற்குக் காரணம் என்ன என்று ஆராய்ச்சி. காரில் ஏறி, பெல்ட் போட்டு, வண்டியைக் கிளப்பி, கண்ணாடியை இறக்குவார். முக்கியமான விஷயம் எல்லாம் அந்த ஜன்னல் வழியாகத்தான் வரும். தம்பி விவாகரத்து, தம்முடைய பயாப்சி முடிவு. அவர் மனைவி பக்கத்து சீட்டிலிருந்து, "அவங்க உள்ளே போகட்டும்" என்பார். சொல்லிவிட்டுத் தாமும் ஒரு கதையை ஆரம்பிப்பார்.

நன்றி சொல்லவும் விடமாட்டார். ராத்திரி ஒரு அடி பனி விழுந்த மறுநாள் எழுந்து பார்த்தால் நம் வாசல் துடைத்துவிட்டாற்போல இருக்கும். ஓடிப்போய்ச் சொன்னால், "மிஷினைத் திருப்புறது கஷ்டமா இருந்தது, அதான் நேரா வந்துட்டேன்" என்பார். அவர் வாசலுக்கும் என் வாசலுக்கும் நடுவில் ஒரு வேலி இருக்கிறது. பதிலுக்கு முறுக்கு கொடுத்தோம். டப்பா வாழைப்பழ பிரெட்டோடு திரும்பி வந்தது. காலி டப்பாவைத் திருப்பக் கூடாது என்பது நம் வீட்டிலும் சட்டம். ஆகவே அந்த டப்பா இன்றுவரை காலியானதில்லை.

போன வசந்தத்தில் எங்களோடு வேலை பார்த்த ஒரு பையன் குடும்பத்தோடு டாலஸுக்கு மாறினான். பெரிய கம்பெனி, பெரிய சம்பளம், பனி கிடையாது, சரவண பவன் உண்டு. நம் ஆள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில் கையுறை மாட்டிக்கொண்டு வந்து சோபாவின் கனமான பக்கத்தைத் தாமே பிடித்தார். லாரியில் எல்லாம் ஏறியபின், பனி அள்ளும் மண்வாரி ஒன்று கராஜ் சுவரில் சாய்ந்திருந்தது. இதையும் எடுத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு இனி எதற்கு என்று அந்தப் பையன் நீட்டினான். வாங்கி, பாக்கெட்டிலிருந்து டேப்பையும் பேனாவையும் எடுத்து, கைப்பிடியில் அவன் பெயரை எழுதி ஒட்டினார்.

"என் கராஜில் இருக்கும். ரெண்டு வருஷம் கழிச்சு வரும்போது வாங்கிக்கோ."

"இல்லை சார், நாங்க வரமாட்டோம்."

"அப்படித்தான் சொல்வாங்க. பக்கத்திலேயே இன்னும் நாலு மண்வாரி இருக்கு, பேர் ஒட்டி." பிறகு லாரியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "புது வீட்டிலிருந்து ஆபீஸ் எவ்வளவு தூரம்?"

"டிராஃபிக் இல்லேன்னா ஐம்பது நிமிஷம்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையனின் தோளில் தட்டிவிட்டு, காரிலிருந்து ஒரு பை சுக்கினி ரொட்டியை எடுத்து வரப் போனார்.