பெட்டி இருக்கும் இடம்: தமிழ் இல்லங்களில் ஒலிக்கருவி அமர்வு பற்றி ஓர் ஆய்வு

ஒலிபெருக்கியை எப்படிச் செய்வது என்று ஆராய்ந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாகும் 1925இல் கம்பிச்சுருளைக் காந்தத்துக்கு நடுவே வைத்து, அதைக் கொண்டு ஒரு காகிதக் கூம்பை ஆட்டிக் காட்டினார்கள். இன்றும் நம் வீட்டுப் பெட்டிகளுக்குள் ஆடிக்கொண்டிருப்பது பெரும்பாலும் அந்தக் கூம்பின் வாரிசுதான். அதற்குப் பிறகான நூறாண்டுகளில் கூம்பு, காந்தம், ஒயர், ஆம்ப்ளிஃபயர், கடைசியாகக் கம்ப்யூட்டர் என்று உலகம் எழுதித் தள்ளியிருக்கிறது. ஆனால், வாங்கிவந்த பெட்டியை வீட்டில் எங்கே வைப்பது, அந்த இடத்தைச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்ற அடிப்படை வினாவுக்கு விடை இல்லை. இக்கட்டுரை அக்குறையைத் தீர்க்க எழுந்தது.

ஆய்வின் முடிவை முதலிலேயே நூற்பாவாகத் தந்துவிடுகிறேன். கட்டுரையைப் பாதியில் மூடுபவர்கள் இதையாவது எடுத்துப் போகட்டும்.

பெட்டி அமரிடம் கிளக்கும் காலைக்
கேட்போர்க்கு இல்லை உரிமை, கேளார்
கைகாட்டும் இடமே இடமென மொழிப.

இஃது என் நுதலிற்றோ எனின், ஒலிக்கருவியின் இடத்தைப் பாட்டுக் கேட்பவர் முடிவு செய்வதில்லை, கேட்காதவரே முடிவு செய்கிறார் என்பது நுதலிற்று. 'மொழிப' என்றதனால் இது எனக்கு முன்பே பலர் அனுபவித்துச் சொன்னது என்க. மனைவிமாரைக் குத்திக்காட்டுவதற்கென்றே கட்டிய நூற்பா இது என்று மறுப்பார் உளர். அவர்கள் மேலே படிக்கவும். கேளார் பாட்டியாக இருக்கலாம், மாமனாராக இருக்கலாம், வீட்டுச் சொந்தக்காரராகவோ வாஸ்து பார்ப்பவராகவோ இருக்கலாம். டெல்லியில் மந்திரியாகவும் இருக்கலாம்.

மந்திரியிலிருந்தே தொடங்குவோம். 1952இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் சாஸ்திரிய சங்கீதத்தில் பற்று மிக்கவர். சினிமாப் பாட்டு அவருக்கு ஆகாது. அகில இந்திய வானொலியில் அது ஒடுங்கிப்போனதும் நேயர்கள் கூட்டங்கூட்டமாக இலங்கை வானொலிக்குக் குடிபெயர்ந்தார்கள். இலங்கை வானொலி வந்ததோ சிற்றலையில். சிற்றலை கரகரக்காமல் வர ஏரியல் வேண்டும். மொட்டைமாடியில் கட்டிய ஏரியலிலிருந்து ஒயர் ஜன்னல் வழியாக இறங்கும். ஆகவே கூடத்து நடுச்சுவரில் இருந்திருக்க வேண்டிய ரேடியோ ஜன்னலோரத்துக்குப் போயிற்று. சினிமாப் பாட்டையே காதில் வாங்காத ஒருவர் டெல்லியில் உட்கார்ந்தபடி தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு வீட்டு ரேடியோவை நான்கடி நகர்த்திய கதை இது. 1957இல் விவித பாரதி தொடங்கி அரசே இறங்கிவந்தது. அதற்காக ரேடியோவை யாரும் திரும்ப நடுச்சுவருக்கு மாற்றவில்லை.

ஜன்னலோரம் என்றால் கைக்கெட்டும் உயரம் அல்ல. 1980களின் நடுப்பகுதிவரை ரேடியோவுக்குத் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்ட வேண்டும். அப்படி அரசாங்கத்துக்குப் பணம் கட்டி வைத்திருக்கும் பொருளைப் பிள்ளைகள் தொட்டுவிடலாமா? ஆளுயரத்துக்கு மேலே ஒரு பலகை அடித்து ஏற்றினார்கள். அதற்கு ஓர் உறை. விளிம்பில் பூவேலை, முன்பக்கம் திரைபோலத் தொங்கும் துணி. பாட்டுப் போடும்போது அதைத் தூக்கி மேலே போட வேண்டும் என்பது விதி. யாரும் தூக்கியதில்லை. துணி உயர் அதிர்வெண்களை விழுங்கிவிடும் என்பது ஒலியியலின் பாலபாடம். அந்தக் காலத்து வயலின்கள் நம் வீடுகளில் சளி பிடித்தாற்போல ஒலித்ததற்கு ஆகாசவாணியின் மைக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்து மண்பானை. ஆய்வாளர்கள் இதைப் புறக்கணித்தது மன்னிக்க முடியாத குற்றம் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

பெட்டியில்லாத வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடித்துப் பாடவிட்டால் கீச்சென்று கேட்கும். கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே காற்று இழுபடுகிறது. முன்னலையும் பின்னலையும் சுற்றிவந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இதில் முதலில் சாவது தாழ்ந்த ஒலிகள், அதாவது தவிலும் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமும். பின்னலையை எதற்குள்ளாவது அடைத்துப்போட்டால் பாஸ் திரும்பிவரும். பெட்டி செய்வதன் தத்துவம் இவ்வளவுதான். ஆனால் பெட்டிக்குத் தச்சர் வேண்டும், பலகை வேண்டும், காசு வேண்டும். நம் ஊர் டீக்கடையும் சலூனும் தையற்கடையும் இதற்குக் கண்ட வழி, பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து, சுற்றிலும் துணியைத் திணித்து, பானையை உறியில் தொங்கவிடுவது. வீட்டுத் திண்ணைகளுக்கும் இது பரவியது.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். ஆர்.சி.ஏ. ஆய்வுக்கூடத்தில் ஹாரி ஓல்சன் என்பவர் ஒரே ஸ்பீக்கரைப் பல வடிவக் கூடுகளில் பொருத்தி, எதில் ஒலி சீராக வருகிறது என்று அளந்து 1951இல் வெளியிட்டார். கனசதுரம், உருளை, கூம்பு, பிரமிடு என எல்லாம் பார்த்தார். முதலிடம் உருண்டைக்கு. கனசதுரம் பின்வரிசையில் நின்றது. உருண்டைக்கு முனை இல்லை. முனை இல்லாவிட்டால் ஒலியலை விளிம்பில் முட்டிச் சிதறுவதில்லை. ஓல்சனின் அளவுகோலில் நம் குயவர் வனைந்தது முதல்தரக் கூடு. தேக்கில் செய்து பாலிஷ் போட்டு ஷோரூமில் நிற்பது பின்வரிசைக்குப் பக்கத்து வரிசை. இதை எண்ணி நாம் பெருமைப்படலாம். ஆனால் ஓல்சன் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் பானையைத் தேர்ந்ததில்லை என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும்.

நம் நூற்பாவுக்கு இங்கே என்ன வேலை? உள்ளே அடைபட்ட காற்றின் கொள்ளளவு கூடினால் பாஸ் இன்னும் ஆழத்துக்கு இறங்கும். ஆகவே பெரிய பானை நல்லது. ஆனால் எந்தப் பானை கிடைக்கும் என்பதைச் சமையற்கட்டுதான் முடிவு செய்தது. நல்ல பானை பாட்டுக்கு வராது. விளிம்பு மூளியாகி, அரிசி போடவும் ஆகாது என்று கழித்துவிட்டதுதான் வரும். ஒரு தெருவின் பாஸ் எவ்வளவு ஆழம் என்பதை அந்த வருஷம் கழிக்கப்பட்ட பானைகளின் அளவே தீர்மானித்தது. கழித்தவர் பாட்டுக் கேட்பவர் அல்லர் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

பிறகு ரேடியோவும் கேசட்டும் ஒன்றான டூ-இன்-ஒன் காலம். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்திறங்கிய அந்தக் கருவிக்கு ஷோகேஸ் தவிர வேறு இடம் யாருக்கும் தோன்றவில்லை. கண்ணாடிக் கதவு சாத்தியிருக்கும். இடப்பக்கம் கேடயம், வலப்பக்கம் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை. பாஸ் போதுமா என்று பார்க்கத் தலையாட்டி பொம்மையைவிட நம்பகமான மீட்டர் அன்று வீடுகளில் இல்லை. பொம்மை தலையசைத்தால் தவில் சரி. கழற்றி வைக்கக்கூடிய இரண்டு ஸ்பீக்கர்களோடு வந்த மாடல்களும் உண்டு. ஆலன் புளூம்லைன் 1931இல் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கோரியது இரண்டு ஒலிவாய்களுக்கு இடையே வெளி இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான். இளையராஜா 1978இல் 'பிரியா' பாடல்களை ஸ்டீரியோவில் பதிவு செய்ததும் நாம் இடவலம் பிரித்துக் கேட்போம் என்று நம்பித்தான். ஸ்பீக்கர்களைக் கழற்றினால் கேடயத்துக்கு இடமிருக்காது. கழற்றவில்லை.

இக்காலத்துச் சான்றுகளில் 'பி.எம்.பி.ஓ.' என்ற ஒன்றைச் சொல்லாமல் போவது இயற்பியலுக்குச் செய்யும் துரோகம். பெட்டியின் முன்பக்கம் வெள்ளி எழுத்தில் ஆயிரம் வாட்ஸ், இரண்டாயிரம் வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று இருக்கும். பின்பக்கம் ஒட்டிய காகிதத்தில் '230 வோல்ட், 25 வாட்ஸ்' என்று மின்சாரம் இழுக்கும் அளவு இருக்கும். இருபத்தைந்தை வாங்கி இரண்டாயிரத்தைத் திருப்பித் தரும் இயந்திரம் ஆற்றல் அழிவின்மை விதியைச் சட்டை செய்வதில்லை. அதிலும் சாதாரணக் கூம்பு ஸ்பீக்கர் உள்ளே போகும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கைத்தான் ஒலியாக்குகிறது. மீதி வெப்பமாகிறது. முறைப்படி பார்த்தால் அது பாட்டுப் பாடத் தெரிந்த ஹீட்டர்.

ஈக்வலைசர் குமிழ்களை இரண்டு ஓரமும் மேலே, நடுவே கீழே என்று சிரித்த வாய்போல வைக்கும் வழக்கத்துக்கும் சாஸ்திரம் உண்டு. பெல் ஆய்வுக்கூடத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் காட்டியது இது: ஒலி மெதுவாக இருக்கும்போது மனிதக் காதுக்குத் தாழ்ந்த சுருதிகள் சரியாகக் கேட்பதில்லை. எனவே மெதுவாக வைத்தால் பாஸைக் கூட்டலாம். நம்மவர்கள் பாதி விதியைப் பின்பற்றினார்கள். பாஸைக் கூட்டினார்கள்.

நூற்பா தன் முழு வலிமையைக் காட்டியது 5.1 ஹோம் தியேட்டரில். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இதற்கென்றே ஒரு பரிந்துரை வைத்திருக்கிறது. கேட்பவருக்கு நேரே ஒன்று, இடவலம் 30 பாகையில் இரண்டு, பக்கவாட்டுக்குச் சற்றுப் பின்னே 100 முதல் 120 பாகைக்குள் இரண்டு. கேட்பவர் நடுவில். ஒவ்வொரு வீட்டிலும் சோபாவின் பின்னே சுவர் ஒட்டியிருக்கிறது, அல்லது வாசல் இருக்கிறது. பின் ஸ்பீக்கரைச் சுவரில் மாட்டலாமே என்றால் வீட்டுச் சொந்தக்காரர் ஆணி அடிக்க விடமாட்டார். அவர் அந்த வீட்டில் பாட்டும் கேட்பதில்லை, வசிப்பதும் இல்லை. தரையோடு ஒயர் இழுக்கலாமே என்றால் பாட்டி தடுக்கி விழுவார். ஆக ஐந்து ஸ்பீக்கரும் டி.வி.க்கு மேலே குரூப் போட்டோவுக்கு நிற்பதுபோல் வரிசையாக நிற்கும். படத்தில் ஹெலிகாப்டர் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து கிளம்பும்போது, நம் வீட்டில் அது டி.வி.யின் இடது ஓரத்திலிருந்து கிளம்பும். மிஞ்சியிருக்கும் '.1', அதாவது ஊஃபர், கனமான பொருள் என்பதால் கன்னி மூலைக்குப் போகிறது. ஈசானி மூலையில் பாரம் கூடாது. இதில் ஒரு விந்தை உண்டு. தரையும் இரண்டு சுவர்களும் கூடும் மூலையில் வைத்தால் ஒவ்வொரு பரப்பும் பாஸை 6 டெசிபல்வரை ஏற்றிவிடும். அக்கம்பக்கத்தாரின் ஜன்னல் கண்ணாடி அதிர்வதற்குக் காரணம் சினிமாக்காரர்கள் அல்லர், வாஸ்து.

கடைசியாகக் கம்ப்யூட்டரும் ஸ்ட்ரீமிங்கும். பிள்ளை படிப்பதற்கென்று வாங்கிய கம்ப்யூட்டரில் வின்ஆம்ப் ஏறியதும், 700 எம்.பி. சிடி ஒன்றில் நூற்றைம்பது பாட்டு அடங்கியதும் பழைய வரலாறு. இன்றைய சர்ச்சை தரம் பற்றியது. 16 பிட் போதுமா, 24 பிட் வேண்டுமா? இதற்காக எண்களை ஒலியலையாக்கும் டி.ஏ.சி. தனியாக, கேபிள் தனியாக என்று சம்பளத்தைக் கரைப்பவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சீலிங் ஃபேன் ஐந்தில் சுற்றும் ஹாலில் நாம் அமைதி என்று சொல்வது 50 டெசிபல் என்று கொள்க. 16 பிட் தரும் வீச்சு 96 டெசிபல். அதன் மிக மெல்லிய ஒலி ஃபேனுக்கு மேலே கேட்க வேண்டுமானால் மிக உரத்த ஒலி 146இல் நிற்க வேண்டும். காது வலிக்கத் தொடங்குவது ஏறத்தாழ 120இலேயே. 24 பிட்டின் வீச்சு 144. அதை முழுக்க அனுபவிக்க 194 வரை போக வேண்டும். 194 டெசிபலில் ஒலியலையின் பள்ளம் வெற்றிடத்தைத் தொட்டுவிடும். அதற்குமேல் பூமியின் காற்றில் சிதையாத ஒலிக்கு இடமே இல்லை. ஆகவே 24 பிட்டுக்குக் காசு கொடுப்பவர் முதலில் ஃபேனை நிறுத்த வேண்டும். சித்திரை மாதத்தில் ஃபேனை நிறுத்தும் உரிமை பாட்டுக் கேட்பவருக்கு உண்டா என்பதை வாசகரே ஊகிக்க.

எம்பி3யைக் குறை சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உரத்த ஒலி தன்னை ஒட்டிய மெல்லிய ஒலியைக் காதிலிருந்து மறைத்துவிடும் என்ற உண்மையின் மேல்தான் ஜெர்மனியின் ஃபிரௌன்ஹோஃபர் நிறுவனத்தார் அதைக் கட்டினார்கள். மறைவதை எதற்குச் சேமிப்பது என்று வெட்டி எறிந்தார்கள். அவர்கள் கம்ப்யூட்டரில் செய்ததை நம் வீட்டு மிக்ஸி நெடுங்காலமாகச் செய்துவருகிறது. வெட்டும் அளவில்தான் வேறுபாடு.

இப்போது ஸ்பீக்கரே வேண்டாம் என்று போனிலேயே பாட்டு ஓடுகிறது. போன் எங்கே? சார்ஜர் பிளக் எங்கே இருக்கிறதோ அங்கே. பிளக் எங்கே? வீடு கட்டும்போது எலக்ட்ரீஷியனுக்கு எங்கே வசதியோ அங்கே. அவர் அன்றே போய்விட்டார். எவர்சில்வர் டம்ளருக்குள் போனை இறக்கிச் சத்தத்தைக் கூட்டும் முறையும் பரவலாக உண்டு. அந்த டம்ளரும் காபி நேரம் வந்தால் பறிமுதலாகும்.

இயர்போன் மாட்டினால் இடத்தின் சிக்கலே தீர்ந்ததே, நூற்பா பொய்த்ததே என்று எதிர்வாதம் எழும். எழட்டும். "காதுல அதை மாட்டிக்கிட்டா நான் கூப்புடுறது எப்படிக் கேக்கும்?" என்ற வினா எல்லா வீட்டிலும் உண்டு. அதற்கு அஞ்சி ஒரு காதில் மட்டும் மாட்டுகிறோம். புளூம்லைன் பிரித்த இடவலத்தில் ஒன்று பாட்டுக்கு, மற்றது கூப்பிடுபவருக்கு. எந்தக் காது யாருக்கு என்பதும் அவர் உட்கார்ந்திருக்கும் பக்கத்தைப் பொறுத்தது.

எனவே ஸ்பீக்கர் வாங்கக் கடைக்குப் போகும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாட்ஸ், பிட், புளூடூத் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் பாட்டே கேட்காதவர் யாரோ அவரைக் கையோடு கூட்டிப் போங்கள். இன்ச் டேப் அவரிடம் இருக்கட்டும்.