நயாகரா அண்ணை

ரொறன்ரோவின் கிழக்கிலும் அதையொட்டியும் உள்ள ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பகுதிகளில் வாழும் ஈழத் தமிழ்க் குடும்பங்களில், ஊரிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் உறவினருக்கு இடம் காட்டும் பொறுப்பு எப்படியோ ஒருவர் தலையில் வந்து விடிகிறது. அவரே நயாகரா அண்ணை. ஏழு பேர் ஏறக்கூடிய வான் ஒன்றை அவர் வாங்கிய நாளில் இந்தப் பதவியும் சேர்ந்து வந்தது; ராஜினாமா செய்ய வழியில்லை. லண்டன் சித்தப்பா, பாரிஸ் மச்சாள், விசா கிடைத்து முதன்முறை வந்த கொழும்புப் பெரியம்மா என யார் வந்து இறங்கினாலும், வருகிற சனிக்கிழமை அண்ணை நயாகராவில் நிற்பார்.

புறப்பாடு காலை ஏழு மணிக்கு என்பது முதல்நாள் இரவுத் தீர்மானம். ரோல்ஸ் தட்டத்தைக் கடையில் எடுத்து, புட்டையும் இறைச்சிக் கறியையும் ஏற்றி, பிளாஸ்கில் தேநீர் நிரப்பி, பெரியம்மாவின் மருந்துப் பைக்காகப் பாதி வழியிலிருந்து திரும்பி, வான் நெடுஞ்சாலையைத் தொடும்போது பதினொரு மணியாகிவிடும். 407இல் ஏறினால் நெரிசல் இல்லை, ஆனால் காசு. அண்ணை 401இல் போவார். அங்கே ஊர்ந்துகொண்டே, 407 மக்களைக் கொள்ளையடிப்பதைப் பற்றி விளக்குவார்.

நீர்வீழ்ச்சி குறித்த அவருடைய முதல் கொள்கை, கனடாப் பக்கம்தான் வடிவு என்பது. இதில் தவறில்லை, சுமார் 57 மீற்றர் உயரத்திலிருந்து விழும் குதிரைலாட அருவியை நேர் எதிரே நின்று பார்க்கக்கூடியது இந்தக் கரையில்தான். இரண்டாவது கொள்கை, “நான் வந்த காலத்திலை இதைவிடக் கூடத் தண்ணி விழுந்தது” என்பது. இதைச் சற்று விசாரிக்க வேண்டும். அருவியில் எவ்வளவு நீர் விழ வேண்டும் என்பதைக் கனடாவும் அமெரிக்காவும் 1950இலேயே உடன்படிக்கை எழுதித் தீர்மானித்துவிட்டன. கோடைப் பகலில் விநாடிக்குக் குறைந்தது 2,832 கனமீற்றர். இரவிலும் குளிர்காலத்திலும் அதில் பாதி போதும். மிச்சம் மின்நிலையங்களுக்குப் போகிறது. ஆகவே அண்ணை தான் வந்த புதிதில் ஜூலை மாதப் பகலில் பார்த்துவிட்டு, பெரியம்மாவை ஜனவரியில் கூட்டிவந்தார் என்றால் அவர் சொல்வது முழு உண்மை. காரணம் மட்டும் அவர் சொல்வதுபோல் காலம் கெட்டுப்போனது அல்ல.

அவருடைய மெய்யான புலமை பார்க்கிங்கில் இருக்கிறது. அருவிக்கு அருகிலுள்ள தரிப்பிடத்தின் கட்டணத்தைத் தம்மைக் குறிவைத்து நிர்ணயித்த அவமதிப்பாகவே கருதுவார். மேட்டின்மேல், நெடுந்தூரத்தில், அவருக்கு மட்டும் தெரிந்த ஓர் இடத்தில் வானை விடுவார். அங்கிருந்து சேலையும் செருப்புமாகப் பெரியம்மா இறங்கி, மாலையில் திரும்ப ஏறுகிறார். “நடந்தா உடம்புக்கு நல்லது பெரியம்மா, வாங்கோ.” அந்தப் பயணத்தின் மலையேற்றம் இதுதான். உண்மையான நடைபாதையும் பக்கத்திலேயே இருக்கிறது: குவீன்ஸ்டன் மேட்டில் தொடங்கி டொபர்மோரி வரை சுமார் 900 கிலோமீற்றர் ஓடும் ப்ரூஸ் பாதை. அதன் தொடக்கத்துக்கு அருகிலுள்ள பூக்கடிகாரத்தின் முன்னே எல்லோரையும் நிறுத்திப் படமெடுத்துவிட்டு அண்ணை வானைத் திருப்புவார்.

அருவிக்கரையில் அவரைக் கண்டுபிடிப்பது எளிது. ஆயிரம் பேர் நீரைப் பார்த்து நிற்க, நீருக்கு முதுகைக் காட்டி நிற்பவர் அவர். கையில் சித்தப்பாவின் ஐபோன். “ஆக்கள் வடிவாத் தெரியவேணும். தண்ணி பின்னாலை கொஞ்சம் தெரிஞ்சாக் காணும்.” இத்தனை முறை வந்தும் அவர் நீர்வீழ்ச்சியைப் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் உறவினரின் தலைகளுக்கிடையே, திரையில்தான்.

வீட்டுக்குப் பக்கத்திலுள்ள காட்சியை அவர் காட்சியாக ஏற்பதில்லை. ஒன்ராறியோ ஏரியோரமாகச் சுமார் 15 கிலோமீற்றர் நீளும் ஸ்காபரோ வெண்பாறைகள், உயர்ந்த இடத்தில் 90 மீற்றர்வரை எழுகின்றன. 1793இல் இவற்றைக் கண்ட, அன்றைய மேல் கனடாத் துணைநிலை ஆளுநரின் மனைவி எலிசபெத் சிம்கோவுக்கு இங்கிலாந்தின் யோர்க்ஷயரிலுள்ள ஸ்காபரோ நினைவுக்கு வந்ததால்தான் அண்ணையின் முகவரியில் இன்று அந்தப் பெயர் நிற்கிறது. “அது எங்கை ஓடப்போகுது?” என்பது அவர் கேள்வி. உண்மையில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மணலும் களியுமான அந்த முகப்பு ஆண்டுதோறும் அரித்து ஏரிக்குள் சரிகிறது. வேலி தாண்டி விளிம்புக்குப் போய் மாட்டிக்கொள்பவர்களைத் தீயணைப்புப் படையினர் கயிறு கட்டி மீட்கிறார்கள். இந்த விஷயத்தில் அண்ணை நம்பத் தகுந்தவர். பிள்ளைகளை வேலிக்குப் பத்தடி முன்பே மறித்துவிடுவார்.

இலையுதிர்காலத்தில் அவர் அல்கோன்குவின் பூங்காவுக்குப் போவது நன்றி தெரிவித்தல் நாள் நீண்ட வார இறுதியில், அதாவது ஒக்டோபர் இரண்டாம் திங்களையொட்டி. அங்கே மேப்பிள் மரங்கள் சிவந்து உச்சம் தொடுவது வழக்கமாகச் செப்டெம்பர் கடைசியில். அண்ணைக்கு லீவு கிடைக்கும்போது மரத்துக்கு இலை கிடையாது. உதிர்ந்து கிடப்பதன் நடுவே பெரியம்மாவை நிறுத்தி, “கீழை பாருங்கோ, எவ்வளவு வடிவு” என்பார்.

அண்மைக்காலமாக நயாகரா அண்ணைமாருக்கு நெருக்கடி வந்திருக்கிறது. இலையுதிர்காலத்து டண்டாஸ் முகடு, டொபர்மோரிக்கு அருகிலுள்ள குரோட்டோ போன்ற இடங்களுக்கு இப்போது முன்பதிவு வேண்டும். குறித்த நேரத்தில் போய்ச் சேரவும் வேண்டும். பதிவைப் பிள்ளைகள் போனில் செய்து கொடுத்துவிடுகிறார்கள். நேரத்தை யாராலும் செய்து கொடுக்க முடிவதில்லை. வாசலில் நிற்கும் இளம் ஊழியரிடம் ரோல்ஸ் ஒன்றை நீட்டிப் பார்த்தும் பலிக்காத நாள்களில், அண்ணை வானைக் கோவிலுக்குத் திருப்புகிறார். அங்கே பார்க்கிங்குக்குக் காசில்லை.