கயிறு இழுக்கும் கம்பெனி

குழு உணர்வை வளர்க்க மனிதவளத் துறைக்குத் தெரிந்த ஒரே வழி, சனிக்கிழமை விடுமுறையைப் பறித்து எல்லோரையும் கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டுக்கு அள்ளிக்கொண்டு போவதுதான். ஒரே நிற டி-ஷர்ட், முதுகில் ‘நாம் ஒன்று’. மேலாளருக்கு மட்டும் காலர் வைத்தது. அப்புறம் கட்டாயக் கயிறு இழுத்தல்.

பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மன் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து, 1913இல் முடிவை வெளியிட்டார். ஆள் கூடக் கூட, தலைக்கு விழும் பலம் குறைந்தது. எட்டுப் பேர் சேர்ந்தபோது ஏறக்குறைய பாதிதான் தேறியது. தாளம் சேராதது ஒரு காரணம். ‘பக்கத்து ஆள் இழுப்பார்’ என்ற நம்பிக்கை இன்னொன்று. இந்த நோய்க்கான சோதனையைத்தான் நம்மவர்கள் மருந்தாக எழுதிக் கொடுக்கிறார்கள்.

கூகுள் தன் 180 குழுக்களை ஆராய்ந்து கண்டது வேறு: நல்ல குழுவில் ‘எனக்குப் புரியவில்லை’ என்று பயமில்லாமல் சொல்லலாம். இதற்கு ரிசார்ட் வேண்டாம், பஃபே வேண்டாம். செலவே இல்லாததால் பட்ஜெட்டில் இடமும் இல்லை.

திங்கட்கிழமை காலை மின்னஞ்சல் வரும்: ‘நிகழ்ச்சி எப்படி இருந்தது? மனம் திறந்து சொல்லுங்கள்.’ கீழே பொடி எழுத்தில்: ஊழியர் எண் கட்டாயம்.