மலைமேல் நம்ம ஆள்

திருத்தணியில் ஒரு வீடு இருந்தால் சொந்தக்காரர்களுக்குப் பஞ்சமே இராது. கல்யாணத்துக்குக்கூடப் பத்திரிகை வைக்காத உறவெல்லாம் ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள் காஞ்சிபுரம், வாலாஜா, நகரி, புத்தூர் என்று நாலா பக்கமிருந்தும் காவடியோடு வந்து இறங்கும். வந்தவர்கள் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள். அடுத்ததாக, "மலைமேல தெரிஞ்ச ஆளு யாராச்சும் இருக்காங்களா?" என்பார்கள். இதற்குப் பதில் சொல்வதற்கென்றே தெருவுக்கு ஒருவர் பிறந்து, வளர்ந்து, கட்டம் போட்ட லுங்கியோடு திண்ணையில் தயாராக உட்கார்ந்திருப்பார். எங்கள் தெருவில் அப்படி இருந்தவருக்கு 'ஆள் மாமா' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது.

எங்கள் தெரு விசைத்தறித் தெரு. வீட்டுக்குள் தறி இருந்தது என்று சொல்வது தவறு. தறிக்குப் போக மிச்சமிருந்த இடத்தில் நாங்கள் இருந்தோம். சமையல், தூக்கம், பரீட்சைப் படிப்பு எல்லாம் அந்த மிச்சத்தில்தான். நான் சொல்வது 1980களின் கதை. விடிந்ததும் மோட்டார் போட்டால் நாடா ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேச்சே காதில் விழாது. அதனால் எங்கள் தெருக்காரர்களுக்கு ரகசியம் பேசத் தெரியாது. பெண் பார்க்கப் போன இடத்தில் எங்கள் பெரியம்மா, "நகை கம்மியா இருக்கே" என்று பெரியப்பா காதோடு சொன்னது மூன்றாம் வீட்டுக்குக் கேட்டு, சம்பந்தம் அங்கேயே முறிந்தது. கரண்ட் போனால் தெரு முழுக்கக் கைக்குழந்தைகள் அலறிக்கொண்டு எழுந்துவிடும். சத்தம் நின்றால்தான் அவற்றுக்குப் பயம்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையன்களுக்குத் தார் சுற்றுகிற வேலை. இழை அறுந்தால் முடிச்சுப் போடுகிற வேலை அம்மாக்களுக்கு. நூல் முதலாளி வீட்டிலிருந்து வரும். லுங்கியாக அவர் வீட்டுக்கே திரும்பிப் போகும். நடுவில் எங்களிடம் தங்கியது கூலி மட்டும். அதுவும் ரொம்ப நேரம் தங்காது.

ஆள் மாமாவும் தறிக்காரர்தான். ஆனால் தறியில் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. அத்தைதான் ஓட்டுவார். மாமாவுக்கு வெளிவேலை ஜாஸ்தி. கோபம் வந்தால் தெலுங்கு, கடன் கேட்கும்போது தமிழ், சிறுவர்களைக் கூப்பிட இரண்டும். "ஏமிரா பையா, அன்னம் தின்னாவா? தின்னுட்டு வா, மலைக்குப் போலாம்." இதில் எது எந்த மொழி என்று எங்கள் தெருவில் யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

பிரித்துப் பார்க்க ஒரு போராட்டமே நடந்த ஊர் இது. 1953 அக்டோபரில் ஆந்திரம் தனியானபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போய்விட்டது. ம.பொ.சி.யும் தமிழாசிரியர் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைக்காகப் போராடினார்கள். பலர் சிறைக்குப் போனார்கள். கடைசியில் மத்தியஸ்தராகப் படாஸ்கர் வந்து பேசி முடித்து, 1960 ஏப்ரல் 1 முதல் ஊர் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. திருப்பதி அங்கே, திருத்தணி இங்கே. மாமா பிறந்தது ஆந்திராவில், பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது தமிழ்நாட்டில். நடுவில் அவர் குடும்பம் வீடு மாறவே இல்லை. "வீடு மாத்துறவன் எவன் வேணா மாத்துவான். உட்கார்ந்த எடத்துலயே ஸ்டேட்டை மாத்துனவன் நானு" என்பார். போராட்டத்தில் கலந்துகொண்டதாகவும் சொல்வார். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்போது அவர் அம்மா இடுப்பில் இருந்திருக்க வேண்டும். கேட்டதற்கு, "இடுப்புல இருந்தா கலந்துக்கலைன்னு அர்த்தமா?" என்றார். இதற்கு மேல் ஒரு தியாகியிடம் என்ன கேட்பது?

சரி, மலைக்கு வருவோம். விருந்தாளிகள் கேட்டதும் மாமா உடனே பதில் சொல்லமாட்டார். துண்டை உதறித் தோளில் போடுவார். மலையை ஒரு தரம் அண்ணாந்து பார்ப்பார். பிறகு, "நம்ம ஆள் இருக்கான். வாங்க" என்பார். யார், எங்கே இருக்கிறார், என்ன வேலை என்று கேட்டால், "உள்ள இருக்கான்." அவ்வளவுதான். வாலாஜா சித்தப்பா முகத்தில் அப்போது வருகிற நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! மூலஸ்தானத்து முருகனைப் பார்க்கும்போதுகூட அவ்வளவு வராது.

படி ஏறும்போதே மாமாவின் கச்சேரி ஆரம்பமாகிவிடும். திருத்தணி மலைக்கு 365 படி, வருஷத்தின் நாளுக்கு ஒன்று என்பது ஊரறிந்த கணக்கு. பையன்கள் நாங்கள் எண்ணினால் ஒருவனுக்கு 362 வரும், இன்னொருவனுக்கு 371. மாமாவிடம் தகராறு போகும். "லீப் வருஷத்துல ஒரு படி கூடும்டா. அந்த நேரம் பார்த்து எண்ணியிருப்பே" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஏறுவார். யார் வந்தாலும் பிறந்த தேதி கேட்பார். ஜனவரி 1-ஐ முதல் படியாக வைத்துக் கணக்குப் போட்டு, மூச்சு வாங்க நிற்கிற ஒரு விருந்தாளி அத்தையிடம், "இதான் உன் படி. இங்க ஒரு கற்பூரம் ஏத்து" என்பார். அந்த அத்தைக்கு அதில் அழுகையே வந்துவிடும். 91-ஆம் படி ஏப்ரல் 1. "இது நம்ம ஸ்டேட்டு மாறின படி. ஏப்ரல் ஒண்ணாந் தேதின்னதும் மொதல்ல எவனும் நம்பல" என்பார். 248-ஆவது செப்டம்பர் 5. 1888-இல் இதே ஊரில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் படி. தன் தாத்தாவும் அவரும் ஒரே திண்ணையில் படித்தவர்கள் என்பது மாமாவின் உபகதை. தாத்தா கைநாட்டு என்பது தெருவுக்கே தெரியும். "படிச்சாங்கன்னுதான் சொன்னேன், பாஸானாங்கன்னு சொன்னேனா?"

எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எனக்கு ஏறவில்லை. எந்த மாதத்துக்கு எத்தனை நாள், எந்தத் தேதி வருஷத்தில் எத்தனையாவது என்பது மட்டும் இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

மேலே போனால் கூட்டம் பாம்பாக வளைந்து நிற்கும். "இங்கயே நில்லுங்க" என்று எங்களை தர்ம தரிசன வரிசையின் வாலில் நிறுத்திவிட்டு மாமா உள்ளே பார்த்து நடப்பார். கொஞ்ச நேரத்தில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவார். "சே! இன்னிக்குன்னு பார்த்து டூட்டி மாத்திட்டாங்க" என்பார். ஒரு வருஷம் நம்ம ஆளுக்குக் காய்ச்சல். ஒரு வருஷம் மச்சினிச்சி கல்யாணம். இன்னொரு வருஷம் நம்ம ஆளே சாமி கும்பிட வெளியூர் போயிருந்தான். திருத்தணியில் வேலை பார்க்கிறவன் சாமி கும்பிட எந்த ஊருக்குப் போவான் என்று யாரும் கேட்கவில்லை.

வரிசையில்தான் மாமாவின் முழுச் சரக்கும் வெளியே வரும். மற்ற கோயில்களில் முருகனுடைய வாகனம் சந்நிதியைப் பார்த்து நிற்கும். இங்கே யானை வெளியே பார்த்து நிற்கிறது. தெய்வயானைக்குச் சீதனமாக இந்திரன் ஐராவதத்தைக் கொடுத்துவிட்டான், அது போனதும் தேவலோகத்துச் செல்வம் குறைந்தது, அவன் ஊர்ப் பக்கம் பார்த்து நிற்கச் சொல்லி முருகன் திருப்பி வைத்தார் என்பது புராணம். மாமா அதை முழுக்கச் சொல்லிவிட்டு, "மாமனார் வீட்டுச் சாமான் எப்பவும் மாமனார் வீட்டையேதான் பார்த்துக்கிட்டு இருக்கும்" என்று தன் மனைவி பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். சூரனை வென்ற கோபம் தணிந்து சாமி அமைதியாக உட்கார்ந்த இடம் என்பதால் கந்த சஷ்டிக்கு இங்கே சூரசம்ஹாரம் கிடையாது. "சண்டையெல்லாம் செந்தூரோட சரி. இது ரெஸ்ட் எடுக்குற ஊரு." அதற்கு அத்தை, "ஆமா, நல்லாத் தெரியுது" என்பார். முன்னால் நிற்கிறவர்களும் பின்னால் நிற்கிறவர்களும் திரும்பிச் சிரிப்பார்கள். யாரோ முறுக்கு நீட்டுவார்கள். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பிள்ளைகளில் எது எங்கள் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல், வேறு யார் வீட்டுப் பிள்ளைக்கோ நாங்கள் அந்த முறுக்கை ஊட்டியதும் உண்டு. இதற்குள் சந்நிதி வந்துவிடும்.

தரிசனம் முடிந்து வெளியே வந்ததும் மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார். "பார்த்தியா, எவ்ளோ சீக்கிரம்! போறப்ப நம்ம ஆள் சொல்லி வெச்சுட்டுத்தான் போயிருக்கான்."

வாலாஜா சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மனுஷனுக்கு ஏதாச்சும் குடுக்கணுமே" என்பார். மாமா காசு வாங்கமாட்டார். சும்மா சொல்லவில்லை, ஒரு பைசா வாங்கமாட்டார். "நம்ம ஆளுக்குக் காசு குடுத்தா கோவம் வந்துடும்" என்பார். கீழே இறங்கியதும் டீயும் மசால் வடையும் மட்டும் நம்ம ஆள் சார்பில் ஏற்றுக்கொள்வார்.

மாமாவின் ஆட்கள் மலைமேல் மட்டும் இல்லை. கரண்ட் ஆபீஸில், பெரியாஸ்பத்திரியில், ஆர்டர் கொடுக்கிற சென்னைக் கடையில், நகரி சினிமாக் கொட்டகையில், ஏன், திருப்பதி மலையிலும் ஆள் இருந்தான். எவனையும் யாரும் பார்த்ததில்லை. கரண்ட் போய் இரண்டு நாள் தறி நின்றால் மாமா சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவார். சாயங்காலம் வந்து, "நம்ம ஆள்கிட்ட சொல்லிட்டேன்" என்பார். கரண்ட் அதுவாக வரும். எங்கள் அப்பா ஒருமுறை, "அவன் அங்க போய் என்ன பண்றான்?" என்று பின்னாலேயே போய்ப் பார்த்தார். மாமா எல்லாரையும் போல வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா, எங்க தெருவுல பிள்ளைங்க சோறு திங்கல" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அப்பா இதைத் தெருவில் சொல்லவில்லை. வீட்டில் சொன்னபோதும் சிரிக்கவில்லை.

எனக்கு மாமாவைப் பற்றி ஒரு அபிப்பிராயம் உண்டு. சிபாரிசு என்பதே இல்லாத தெரு அது. எந்த ஆபீஸிலும் எங்களை யாருக்கும் தெரியாது; தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை. பெரிய வீட்டுக்காரர்களுக்கு நிஜமான ஆட்கள் இருந்தார்கள். எங்கள் தகுதிக்குக் கிடைத்தவன் கண்ணுக்குத் தெரியாத ஒருவன். அவனை வைத்துக்கொண்டு ஒரு தெருவுக்கே தைரியம் சொல்லிக் காலம் தள்ளியது லேசான காரியம் இல்லை. புளுகு என்றால் புளுகுதான். ஆனால் அந்தப் புளுகைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து போய் வரிசையில் நின்றதும் அவர்தானே?

டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழா. புத்தாண்டுக்குத் துரைமார்களைப் போய்ப் பார்க்கிற வழக்கத்தை மாற்றி, முருகனைப் பார்க்க ஜனங்களைத் திருப்பிவிட்டவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். படிக்குப் படி பூஜை நடக்கும், திருப்புகழ் பாடிக்கொண்டே கூட்டம் ஏறும். அன்றைக்கு மட்டும் மாமா ஆளைப் பற்றிப் பேசமாட்டார். "இன்னிக்கு அவனுக்கு லீவு" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாக ஏறுவார். துரையைப் பார்ப்பதற்கும் அந்தக் காலத்தில் ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

தெருவில் இப்போது தறிச்சத்தம் குறைந்துவிட்டது. பையன்கள் விடியற்காலை மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிறார்கள். மாமாவுக்குக் கால் வலி, படி ஏறுவதில்லை. திண்ணை மட்டும் அவருடையது. அவர் பேரன் செல்போனை நீட்டி, "தாத்தா, எல்லாமே இதுலயே பார்த்துக்கலாம்" என்றபோது, மாமா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளயும் நம்ம ஆள் ஒருத்தன் இருக்கான்" என்று திருப்பிக் கொடுத்தார்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் தெருப் பக்கம் யாராவது, "மலைமேல நம்ம ஆள் இருக்கான்" என்று சொன்னால் அதை நம்பித் திரும்பிப் போக ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். குடிக்கத் தண்ணீர், ஒரு விசிறி, குழந்தைக்குத் தொப்பி எல்லாம் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். சொன்னவரையும் தவறாமல் கூட்டிக்கொண்டு போங்கள். டீயும் மசால் வடையும் உங்கள் செலவு.