எண் இல்லாத கால்

காரைக்கால் எல்லையில் பூவத்தைத் தாண்டினால் நண்டலாற்றுச் சோதனைச்சாவடி. வண்டி சீட்டைக்கூடத் தூக்கிப் பார்க்கிறார்கள். காரைக்கால் மது பாட்டில் ஒன்று கணக்கில் வராமல் தமிழ்நாட்டுக்குள் நுழைந்துவிடக் கூடாதாம். அழுகிய காலோடு அதே வழியாகப் பாண்டிக்குப் போகிறவரிடம், இந்தக் கால் எந்தக் கணக்கில் வருகிறது என்று கேட்க நாதியில்லை.

அமெரிக்காக்காரன் காலுக்கு நாதி உண்டு. சென்னையில் ராத்திரி ஷிப்டில் கண்விழித்து, இன்ஷூரன்ஸ் க்ளெய்முக்காக அதன் நோய்க்கு எண் போடுகிறவர்கள் (மெடிக்கல் கோடிங்) நம்மூர்ப் பிள்ளைகள்தான். சர்க்கரையால் பாதத்தில் புண்ணா, இ11.621. வலது பாதத்தில் எலும்புவரை அழுகலா, கூடவே எல்97.514. வெட்டி எடுத்தது வலது பெருவிரலா, தனியாக இசட்89.411. வாத்து முட்டினால்கூட டபிள்யூ61.62 (சத்தியமாகப் பட்டியலில் இருக்கிறது). வலதை இடது என்று போட்டால் க்ளெய்ம் திரும்பும். டீம் லீடர் தாண்டவமாடுவார்.

அந்தப் பிள்ளைகளில் ஒன்றைப் பெற்றவர் பூவத்து வயலில் வெறுங்காலோடு நிற்கிறார். 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு, புதுச்சேரியில் 26.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை என்றது. கோவாவுக்கு அடுத்த இடம். சபாஷ், இதிலாவது முன்னுக்கு வந்தோம். பூவத்துக்காரருக்கும் சர்க்கரைதான். கருவேல முள் ஏறியதுகூட அவருக்குத் தெரியாது, உள்ளங்கால் மரத்துப்போய்விட்டது. அந்த மரத்துப்போதலைக் கண்டுபிடிக்கும் கருவி, பத்து கிராம் அழுத்தத்துக்கு அளவெடுத்த ஒரு துண்டு நைலான் இழை. காளிக்குப்பத்துக் கடற்கரையில் கிடக்கும் தூண்டில் தங்கூஸின் ஒன்றுவிட்ட தம்பி.

புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் சீட்டில் 'செல்லுலைட்டிஸ்' என்று விழும், சர்க்கரை விடுபடும். ஆள் போனால் 'இதயமும் மூச்சும் நின்றன'. அடேயப்பா, என்ன கண்டுபிடிப்பு! அவை நிற்காமல் செத்தவர் யாரய்யா? அப்படி எழுதாதே என்கிறது உலக சுகாதார நிறுவனம். எதில் தொடங்கிய சாவு என்று எழுதத்தான் இறப்புக் காரணச் சான்றான நாலாம் எண் படிவத்தில் கீழ்வரி இருக்கிறது. அந்தப் படிவம் கிடைப்பதே பெரிய பாடு: 2020-இல் நாட்டில் பதிவான சாவுகளில் மருத்துவர் காரணம் எழுதியவை 22.5 விழுக்காடுதான்.

அசதியால் எழுதவில்லை என்றால் மன்னிக்கலாம். விஷயம் வேறு: எழுதினால் எண்ணிக்கை தெரியும். தெரிந்தால் ஜனங்கள் மரத்த காலைக் காக்கும் எம்.சி.ஆர். செருப்பு கேட்பார்கள், பாதத்துக்கென்று தனி ஓ.பி. கேட்பார்கள். பணம் கறக்கிற இடத்தில் மட்டும் பேனா பறக்கும். ஏற்கெனவே இறந்ததாகக் காட்டப்பட்ட 3,446 பேருக்கு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் வைத்தியம் பார்த்ததாக 6.97 கோடி ரூபாய் பட்டுவாடா ஆனதை 2023-இல் சிஏஜி தோண்டி எடுத்தது. பூவத்துக்காரர் செத்த பிறகு போய் அட்மிட் ஆனால் ஒருவேளை கவனிப்பு கிடைக்கும்.