பேட்மேன் விக்கிரகத்தின் கர்ணப் பிரமாணம்: ஓர் ஆராய்ச்சி

காமிக்ஸ் வீரர்களின் சிலைகளை விலைகொடுத்து வாங்கி, அலமாரியில் நிறுத்தித் தூசி தட்டி, மதிப்புரை என்ற பெயரால் ‘அருமை’, ‘படுமோசம்’ என்னும் இரண்டே சொற்களில் தீர்ப்பும் வழங்கிவிடுவோர் பெருகியுள்ள இக்காலத்தில், அத்துறையைச் சாஸ்திர ரீதியாக அணுகுவார் ஒருவரும் இலரே என்ற மனக்குறையே இவ்வாராய்ச்சிக்கு நிமித்தமாயிற்று. ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுவது, ஆறில் ஒரு பங்கு அளவில் அமைந்த பேட்மேன் சிலை. பாலிஸ்டோன் என்னும் பொருளால், அதாவது ரெசினில் கற்பொடி கலந்து, வார்க்கப்பட்டது (பெட்டி, இடப்பக்கம்). கையில் எடுத்தால் கனமும் குளிர்ச்சியும் கருங்கல்லோ என மயங்கச் செய்யும். கீழே போட்டால் மயக்கம் தீரும்.

முதற்கண் ஆசிரியர் யாரென அறிதல் மரபு. டிடெக்டிவ் காமிக்ஸ் 27-ஆம் இதழில், 1939 மே மாதத் தேதியிட்டு வெளிப்போந்த இவ்வீரரைப் படைத்தவர் பாப் கேன் ஒருவரே என்றுதான் நெடுங்காலம் அச்சிட்டு வந்தனர். கதையை எழுதியதோடு, செவி வைத்த முகமூடிக்கும் யோசனை கூறிய பில் ஃபிங்கர் 1974-இல் காலமாகி, நாற்பது ஆண்டுகளுக்குமேல் சென்றபின், 2015-இல்தான் அவர் பெயரையும் சேர்த்துப் போடப் பதிப்பகத்தார் இசைந்தனர். ஒருவர் உழைக்க மற்றொருவர் பெயர் முகப்பில் விளங்கும் இம்முறை பல்கலைக்கழகங்களுக்கே உரிய தனிச்சிறப்பென்று செருக்கியிருப்போர் இதனை நோக்குக.

இனி அங்க லட்சணம். முகம்: கோபமாக இருக்கிறார். மார்பு: மஞ்சள் வட்டம் உண்டெனின், அது 1964-க்கு முற்பட்ட கோலம் அன்று. மேலங்கி: பெரிது. பீடம்: மாடிக் கூரையின் விளிம்பும் அதிலோர் பூதச்சிலையும், சிலைக்குள் சிலை என்னும் தத்துவத்தை விரிவஞ்சி விடுத்தாம். வரிசை எண்: பீடத்தின் அடியில் இருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை, விலையை ஏற்றுவது அதுவே (பெட்டி, அடிப்புறம், சிறுவர்க்கான எச்சரிக்கைக்குக் கீழ்).

நிற்க. செவிக்கு வருவோம்.

செவியின் நீளத்தில் ஓவியர்கள் ஒருகாலத்தும் ஒத்துப்போனதில்லை. 1966-இல் தொலைக்காட்சியில் ஆடம் வெஸ்ட் அணிந்ததும், 1986-இல் ஃபிராங்க் மில்லர் தம் முதிய பேட்மேனுக்கு வரைந்ததும் குறுஞ்செவி மரபு. 1990-களில் கெல்லி ஜோன்ஸ் வரைந்ததோ நெடுஞ்செவி மரபு. அச்செவிகள் ஈட்டிமுனைபோல் வானை நோக்கி நிமிர்ந்தவை. ஓவியர் ஒவ்வொருவர் பாணிக்கும் ஒரு சிலையென ‘பேட்மேன் பிளாக் அண்ட் ஒயிட்’ வரிசை வெளிவந்திருத்தலின், இம்மரபுகளை ஒரே அலமாரியில் அருகருகே நிறுத்திப் பாடபேதம் காண்டல் எளிது. குறுஞ்செவியே மூலபாடம், நெடுஞ்செவி இடைச்செருகல் என்பாரும் உளர். அவர் 1939-ஆம் ஆண்டு இதழ்களைக் கண்டிலர் போலும்.

பேட்மேனின் உயரம் 6 அடி 2 அங்குலம் என்பது பதிப்பகத்தார் வாக்கு. அந்த 74 அங்குலத்தை ஆறால் வகுத்தால் 12 அங்குலமும் மூன்றில் ஒரு பங்கும் வருதல் வேண்டும். நம் சிலையோ, பீடத்தை நீக்கி அளந்தும், அதற்குமேல் 2 அங்குலம் மிகுகின்றது. மிகை செவியே என்பது வெளிப்படை. அங்ஙனமாயின், பதிப்பகத்தார் கூறிய உயரத்துள் செவி அடங்குமா, அடங்காதா? ஆறால் பெருக்க, செவி 12 அங்குலம். அடங்கும் எனின், வீரர் 5 அடி 2 அங்குலமாகச் சுருங்குவார். அவர் காவல் புரியும் காதம் நகரத்துத் திருடர் எவரும் அஞ்சார். அடங்காது எனின், செவி உட்பட அவர் 7 அடி 2 அங்குலம். அமெரிக்க வீட்டுக் கதவு வழக்கமாக 6 அடி 8 அங்குலமே. பேட்மேன் எக்காலத்தும் ஜன்னலையோ கூரைக் கண்ணாடியையோ உடைத்துக்கொண்டு நுழைவதன் காரணம் இதனால் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது (பெட்டி, உள்மடிப்பு, ஒட்டுத்தாளைக் கிழித்தபின் தெரியும் பகுதி, ஒப்பிடுக: தெர்மாகோல், மேற்பாதி, செவிப் பள்ளம், மாறுபட்ட கருத்துக்குத் தெர்மாகோல், கீழ்ப்பாதி).

குனிந்து வரலாகாதோ என்பது பூர்வபட்சம். அற்றன்று. 1989-ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் மைக்கேல் கீட்டன் அணிந்த ரப்பர் முகமூடி, கழுத்தைத் திருப்பவே இடங்கொடாததாய் இருந்தமை பிரசித்தம். திரும்பாத கழுத்து எங்ஙனம் குனியும்?

இம்முடிபை ஏலாதார் பெரும்பாலும் பெட்டியைத் திறவாதோர் மரபினர். முத்திரை பிரிந்தால் மறுவிற்பனையில் விலை இறங்கும் என்பது அவர் சித்தாந்தம். பொருளைத் திறந்து பாராமலே அதனைப்பற்றி முந்நூறு பக்கம் எழுதி முனைவராதல் ஆராய்ச்சியுலகில் வேரூன்றிய நெறியாகலின், அவரைக் குறைகூறோம்.

இன்னும் ஒன்று. மெல்லிய நுனி எளிதில் ஒடிவது பாலிஸ்டோனின் சுபாவம். ஆதலின் நெடுஞ்செவியோடு புறப்படும் சிலைகளுட் சில, கூரியர்காரரின் திருக்கரம் பட்டுக் குறுஞ்செவியோடு வீடு வந்து சேர்கின்றன. நமக்கு வாய்த்த பிரதியில் வலச்செவி முழுதாகவும் இடச்செவி பாதியாகவும் காணப்பட்டது. அளவெல்லாம் வலச்செவி கொண்டே எடுக்கப்பட்டன. விற்றவர், பசை போட்டு ஒட்டிக்கொள்ளுமாறு பணித்தார்; சிதைந்த ஏட்டில் தம் கைச்சரக்கைச் சேர்ப்பது எல்லாப் பதிப்பாசிரியர்க்கும் வழக்கமன்று என்பதால் நாம் உடன்படவில்லை. இப்பிரதியை எம்மரபில் வைப்பது என்பதை ஆராய மூன்றாண்டு நல்கை கோரி விண்ணப்பித்துள்ளோம். பசைக்கான செலவு அதில் சேரவில்லை.